‘தேவையான தொகை’: ஒரு லாரி பாலிசியின் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பெரிய மாமாவின் பேரன் வீட்டுக்கு வந்தான். எனக்கு மருமகன் முறை. வில்லியனூர் பக்கம் தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறான். புதிதாக ஒரு சின்னச் சரக்கு வண்டி வாங்கியிருந்தான். குட்டியானை என்கிறோமே, அதுதான். கையில் வண்டியின் இன்சூரன்ஸ் தாள்.

“மாமா, நீங்க கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்தவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எல்லாப் பக்கமும் இங்கிலீசு, அதுவும் கடுகு மாதிரி எழுத்து” என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் அந்தத் தாளைக் கையில் வாங்கத் தயக்கமாக இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவனுடைய தாத்தா, அதாவது என் தாயாரின் மூத்த அண்ணன், இதே மாதிரி ஒரு தாளைக் கொண்டுவந்து இதே கேள்வியைக் கேட்டார். நானும் படித்துச் சொன்னேன். தப்பாகப் படித்துச் சொன்னேன்.

ஒரே ஒரு வரிதான். அந்த வரி சட்டத்துக்குள் எப்படி வந்தது, அதனால் மாமாவுக்கு என்ன ஆனது, பிறகு அது எப்படிப் போனது என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. வியாபாரத்துக்கு வண்டி ஓட்டும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கும் உபயோகப்படும்.

மூன்றாம் நபர் யார்?

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். எல்லோரும் ‘தேர்ட் பார்ட்டி’ என்கிறோம். இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் முதல் ஆள் வண்டிக்காரர். இரண்டாவது ஆள் கம்பெனி. இவர்கள் இருவருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் சாலையில் சைக்கிளில் போகிறார், அல்லது கடைவாசலில் நிற்கிறார். அவர்தான் மூன்றாம் நபர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர். ஆனால் அந்த ஒப்பந்தமே அவருக்காகத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதையே ‘ரெஸ்பொன்சபிலித்தே சிவில்’ என்பார்கள். ஒருவர் மற்றவருக்குச் செய்த நஷ்டத்துக்கு ஈடு செய்யவேண்டிய பொறுப்பு என்று பொருள். ஆங்கிலப் பெயர் அடிபட்டவரைக் காட்டுகிறது, பிரெஞ்சுப் பெயர் அடித்தவரின் கடமையைக் காட்டுகிறது. பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சிலும், உத்தியோகம் முழுக்க ஆங்கிலத்திலுமாகக் காலம் கழித்தவன் நான். இந்த மாதிரிப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழைய வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெல்ஃபோர் நகரத்து லாரி

பிரான்சில் கிழக்கு எல்லையோரம் பெல்ஃபோர் என்று ஒரு நகரம். அங்கே 1925 ஏப்ரல் மாதம், ஒரு கடை நிறுவனத்துக்குச் சொந்தமான சரக்கு லாரி ஒரு சிறுமியின் மீது மோதியது. சிறுமிக்குப் பலத்த காயம். தாயார் வழக்குப் போட்டார்.

அன்றைக்கு நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருந்த வாதம் இதுதான். லாரி தானாக ஓடவில்லை, மனிதன் ஓட்டினான். ஆகையால் அந்த மனிதன் தப்புச் செய்தான் என்று அடிபட்டவர் தரப்புதான் நிரூபிக்கவேண்டும். மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையின் தாய், லாரி டிரைவர் கவனக்குறைவாக இருந்தார் என்பதற்குச் சாட்சி தேடி எங்கே போவாள்?

வழக்கு ஐந்து வருடம் மேலும் கீழுமாக அலைந்தது. கடைசியில் 1930 பிப்ரவரி 13 அன்று, பிரான்சின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் எல்லா அமர்வுகளும் ஒன்றாகக் கூடித் தீர்ப்புச் சொல்லின. நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தில் 1384-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒருவர் தன் பாதுகாப்பில் வைத்திருக்கும் பொருளால் பிறருக்கு நஷ்டம் வந்தால் அவரே பொறுப்பு என்பது அதன் சாரம். 1804-இல் அதை எழுதியவர்கள் லாரியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் நீதிமன்றம் அந்தப் பிரிவை லாரிக்குப் பொருத்தியது. மனிதன் ஓட்டினானா, தானாக ஓடியதா என்ற பேதம் வேண்டாம். வண்டியை வைத்திருப்பவர்தான் பொறுப்பு என்று முதலில் எடுத்துக்கொள்ளப்படும். தன்னை மீறிய வெளிக்காரணத்தால் நடந்தது என்று அவர் நிரூபித்தால்தான் தப்பலாம். நாய் கடித்தால் வளர்த்தவர் பதில் சொல்வது மாதிரிதான்.

சட்டம் படிக்கும் பிரெஞ்சு மாணவர்கள் இன்றைக்கும் இதை ‘ழாந்தேர் தீர்ப்பு’ என்று படிக்கிறார்கள். ஒரு வியாபார வண்டியால் வந்த தீர்ப்பு என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

பொறுப்பைச் சுமத்தியாயிற்று. ஆனால் பொறுப்பாளியிடம் பணம் இல்லாவிட்டால்? அதற்குப் பிரெஞ்சு அரசு 1951-இல் ஒரு உத்தரவாத நிதியை ஏற்படுத்தியது. வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்ற சட்டம் 1958 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்குள் நம் ஊரில் கொடி மாறிவிட்டது. புதுச்சேரி இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. அதனால் பிரான்சின் கட்டாய இன்சூரன்ஸ் காலத்தை நம் ஊர் பார்க்கவே இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

வேடிக்கை என்னவென்றால், கடலூர் பக்கம் இந்தக் கட்டாயம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தில் 1930-இல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் இன்சூரன்சைக் கட்டாயமாக்கியது. அந்த வழியில் இந்தியாவிலும் 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதில் இன்சூரன்ஸ் பற்றிய எட்டாவது அத்தியாயம் மட்டும் காத்திருந்து, 1946 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் பிரான்சுக்கு முன்பே, வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியா முந்திக்கொண்டது.

ஆனால் இந்தியச் சட்டத்தில் இரண்டு குறைகள் இருந்தன.

முதலாவது, தப்பை நிரூபிக்கவேண்டியது அடிபட்டவர் தரப்பு. பெல்ஃபோர் சிறுமியின் தாயார் பட்ட அதே பாடு. டிரைவரின் அலட்சியத்தை நிரூபித்தால்தான் இழப்பீடு என்று 1977-இல்கூட நமது உச்ச நீதிமன்றம் சொன்னது.

இரண்டாவது, கம்பெனி கொடுக்கவேண்டிய தொகைக்குச் சட்டமே ஒரு வரம்பு வைத்தது. சரக்கு வண்டியாக இருந்தால் ஒரு விபத்துக்கு 20,000 ரூபாய். 1970 முதல் 50,000 ரூபாய். அதற்கு மேல் தீர்ப்பானால் வண்டிக்காரர்தான் தன் கையிலிருந்து கட்டவேண்டும். வரம்பில்லாத பொறுப்பு வேண்டுமென்றால் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் தொகை சொற்பம்தான். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வாங்கினார்கள்.

மாமாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

மாமாவின் லாரி

பெரிய மாமா 1974-இல் ஒரு பழைய டாட்டா பென்ஸ் லாரி வாங்கினார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழமும் முந்திரிக்கொட்டையும், திரும்பும்போது கிடைத்த லோடும் ஏற்றுவார். பாகூர் பக்கம் அவருக்கு ஒன்றரைக் காணி நன்செய் இருந்தது. அதில் பாதியை அடமானம் வைத்துத்தான் லாரி வாங்கினார்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. உத்தியோகத்தில் சேர்ந்து இரண்டு வருடம். குடும்பத்தில் பேனா பிடித்து அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். இன்சூரன்ஸ் ஏஜெண்டு பாலிசியைக் கொடுத்துவிட்டுப் போனதும், மாமா அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“ஏண்டாப்பா, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா இவங்க எவ்வளவு கொடுப்பாங்கன்னு பாத்துச் சொல்லு.”

பிரெஞ்சில் எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவேன். ஆங்கிலம் அப்போது எனக்குத் தடுமாற்றம். அலுவலகத்தில் மேசை டிராயரில் அகராதி வைத்துக்கொண்டுதான் குறிப்பு எழுதுவேன். ஆனால் அதை மாமாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. கம்பெனியின் பொறுப்புக்கு வரம்பு என்ன என்ற கட்டத்தில் எண் எதுவும் இல்லை. ஒரு வாக்கியம்தான் இருந்தது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் தேவைகளை நிறைவேற்றுவதற்குத் தேவையான தொகை என்று அதற்கு அர்த்தம்.

‘தேவையான தொகை’ என்ற இரண்டு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். “எவ்வளவு தேவையோ அவ்வளவும் கொடுப்பாங்க மாமா. கவலைப்படாதீங்க” என்றேன்.

அது அப்படி இல்லை. சட்டம் கட்டாயப்படுத்திய குறைந்தபட்சம் எவ்வளவோ அவ்வளவு மட்டும், அதற்கு மேல் ஒரு காசு இல்லை என்பதுதான் அந்த வாக்கியத்தின் அர்த்தம். அதாவது 50,000 ரூபாய். அந்த எண் பாலிசியில் கிடையாது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால்தான் தெரியும். நான் புரட்டவில்லை.

1976-இல், பண்ருட்டி சாலையில் ஒரு மாலை நேரம், மாமாவின் லாரி சைக்கிளில் வந்த ஒரு பள்ளி ஆசிரியர் மீது மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். முப்பத்திரண்டு வயது. மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள், வயதான தாயார். லாரியை ஓட்டியது மாமா இல்லை, டிரைவர். ஆனால் வேலைக்காரர் வேலையில் செய்த தப்புக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டம்.

வழக்கு கடலூரில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடந்தது. இந்தத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது 1956-ஆம் வருடத் திருத்தம். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட குடும்பங்கள் சிவில் கோர்ட்டில் முத்திரைக் கட்டணம் கட்டி அலையவேண்டியிருந்தது. மாமாவுக்குத் துணையாக நான் லீவு போட்டுக்கொண்டு நாலைந்து தடவை போயிருக்கிறேன். அந்த அம்மா தாழ்வாரத்தில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சின்னப் பையன் மடியில் தூங்குவான். மாமா ஒரு தடவை எழுந்து அவரிடம் போகப் பார்த்தார். நமது வக்கீல் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பேசினால் கேசு கெட்டுவிடும் என்றார்.

1979-இல் தீர்ப்பு. 74,000 ரூபாய். கம்பெனியின் வக்கீல் எழுந்து, தங்கள் பொறுப்பு 50,000 ரூபாய் வரைதான் என்றார். தீர்ப்பாயமும் ஒத்துக்கொண்டது. மீதி 24,000 ரூபாய், அதற்கு வட்டி, செலவு எல்லாம் மாமாவின் தலையில். மொத்தம் 30,000-ஐ நெருங்கியது. அன்றைக்கு என் மாதச் சம்பளம் 500 ரூபாய்கூட இல்லை.

மாமா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். “தேவையான தொகைன்னு சொன்னியேப்பா” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அப்பீல் போகலாம், இழுத்தடிக்கலாம், அந்தம்மா களைத்துப்போய்ப் பாதிக்கு ஒத்துக்கொள்வார் என்று சிலர் யோசனை சொன்னார்கள். மாமா கேட்கவில்லை. லாரியை விற்றார். போதவில்லை. நிலத்தில் முக்காலை விற்றார். பணத்தைக் கட்டிவிட்டு வந்த அன்று சொன்னார்: “அந்தப் பிள்ளைங்க தகப்பன் திரும்பி வரப்போறதில்ல. பணமாவது நேரத்துக்குப் போகட்டும்.” பிறகு பதினைந்து வருடம் பிறர் லாரிக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தார். என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நான்தான் அவர் வீட்டு விசேஷங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

வரம்பு எப்படிப் போனது

மாமா மாதிரி எத்தனை பேர் விற்றார்களோ, அந்த ஆசிரியர் குடும்பம் மாதிரி எத்தனை குடும்பங்கள் வாங்கவேண்டியதை வாங்கமுடியாமல் போனார்களோ. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட கேசுக்கட்டுகள் இருக்கின்றன.

1981-இல் உச்ச நீதிமன்றம், வரம்புத் தொகையை விபத்து முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடக்கூடாது, அடிபட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிடவேண்டும் என்றது. 1982 அக்டோபரில் சரக்கு வண்டியின் வரம்பு 1,50,000 ரூபாய் ஆயிற்று. அதே திருத்தத்தில்தான், யார் மேல் தப்பு என்று பார்க்காமல், இறந்தவர் குடும்பத்துக்கு உடனே 15,000 ரூபாய் என்ற விதி வந்தது. பெல்ஃபோர் தீர்ப்பு சொன்ன நியாயம் ஐம்பத்திரண்டு வருடம் கழித்து, சின்ன அளவில், நம் சட்டத்துக்குள் நுழைந்தது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்போதுதான் ஒரு வழி பிறந்தது.

பிறகு 1988-ஆம் வருடப் புதிய சட்டம், 1989 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. மரணத்துக்கும் காயத்துக்கும் வரம்பே கிடையாது. தீர்ப்பான தொகை எவ்வளவோ அவ்வளவும் கம்பெனி கொடுக்கவேண்டும். நான் 1974-இல் மாமாவிடம் சொன்ன அர்த்தம் பதினைந்து வருடம் கழித்து உண்மையாயிற்று. அப்போது மாமா உயிரோடிருந்தார். அரசிதழ் செய்தியை அவரிடம் வாசித்துக் காட்டினேன். “நல்லது. இனிமே வண்டி வச்சிருக்கறவனாவது பிழைச்சுக்குவான்” என்றார்.

பேரனின் பாலிசி

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லிவிட்டு, இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் பாலிசியை வரி வரியாகப் படித்தேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அவன் கேட்டது பணத்தைப் பற்றி. “கார் வச்சிருக்கிற மச்சான் கொஞ்சமாத்தானே கட்டறாரு, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?” மூன்றாம் நபர் பிரீமியத்தைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை, அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் வந்த அட்டவணைப்படி, 1,000-க்கு மேல் 1,500 சிசி வரை உள்ள சொந்தக் காருக்கு வருடத்துக்கு 3,416 ரூபாய். வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி, சுமையோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோ வரை இருந்தால் 16,049 ரூபாய். வரியும் சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் தனி. கார் காலையிலும் மாலையிலும் ஓடும். சரக்கு வண்டி நாள் முழுக்கச் சாலையில் இருக்கும், கனமும் அதிகம். அதற்கேற்ற கணக்கு. இதை மிச்சம் பிடிக்க, சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் உண்டு. விபத்து நடந்த அன்று அந்த மிச்சம் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது, டிரைவரின் லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாமா என்று பல வருடம் கம்பெனிகள் தகராறு செய்தன. ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஆனால் லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கவேண்டும். டிரைவர் சொல்வதை நம்பாமல் நாமே வாங்கிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, பர்மிட்டும் எஃப்சியும். பாலிசியில் பிரீமியம் கட்டியிருந்தாலும், அந்த வண்டிக்கு வேண்டிய பர்மிட் இல்லாமல் ஓட்டியிருந்தால் கம்பெனி தப்பித்துக்கொள்ள வழி உண்டு. இப்படிப்பட்ட வழக்குகளில் தீர்ப்பாயம் பல சமயம், அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று சொல்கிறது. அடிபட்ட குடும்பம் பிழைத்துக்கொள்ளும். வண்டிக்காரர் என் மாமாவின் நிலைமைக்குத்தான் வருவார்.

நான்காவது, வேலையாட்கள். டிரைவருக்கும், கேன் இறக்கும் பையனுக்கும் ஏதாவது ஆனால் இழப்பீடு கொடுக்கவேண்டிய பொறுப்பு முதலாளிக்குச் சட்டப்படி இருக்கிறது. பாலிசியில் எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறது என்று ஒரு எண் இருக்கும். மருமகன் வண்டியில் இரண்டு பேர் போகிறார்கள். பாலிசியில் ஒருவர்தான் இருந்தார். மறுநாளே திருத்தச் சொன்னேன்.

ஐந்தாவது, வண்டியை விற்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை விடக்கூடாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிய பிறகும் வழக்கு வீடு தேடி வரும்.

அடிபட்டவர் பக்கத்துக்கும் ஒன்று. 2022 ஏப்ரல் முதல் வந்த மாற்றத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போடவேண்டும். துக்கம் ஆறட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மயிலம் பயணம்

தாளை மடித்துக் கொடுத்தேன். மருமகன் காபி குடித்துக்கொண்டே சொன்னான்: “நல்லவேளை மாமா. அடுத்த மாசம் குழந்தைக்குக் காதுகுத்து, மயிலம் முருகன் கோயில்ல. சொந்தக்காரங்க இருபது பேர். நம்ம வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்.”

நான் தாளைத் திரும்ப வாங்கி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன். சரக்கு ஏற்றுவதற்கு மட்டும் என்ற வரி. 1994-இல் வந்த திருத்தம், சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூடப் போனால் அவருக்கு இன்சூரன்ஸ் உண்டு என்றது. மற்றபடி கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஏறுகிறவர்கள் அந்த இன்சூரன்சில் சேரமாட்டார்கள். நடுவில் ஒரு தீர்ப்பு அவர்களும் சேருவார்கள் என்று சொன்னது. பின்னர் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, இல்லை என்று முடித்துவிட்டது. சரக்கு வண்டி கவிழ்ந்து கோயிலுக்குப் போனவர்கள் இறந்த செய்தியைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வரும். இறந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், வழக்குப் போடுகிறவர்களும் சொந்தக்காரர்கள், கட்டவேண்டியவரும் சொந்தக்காரர்.

“எல்லாரும்தான மாமா போறாங்க” என்றான்.

“உங்க தாத்தாகிட்ட ஒரு தடவை கவலைப்படாதீங்கன்னு சொன்னேன். உங்கிட்ட அதச் சொல்லமாட்டேன்” என்றேன். அவன் அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

வேன் வாடகையில் பாதியை நான் கொடுத்தேன், அவன் வேண்டாம் என்றும் கேட்காமல். சொந்தக்காரர்கள் வேனில் போனார்கள். பாத்திரம், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் குட்டியானையில் போயிற்று. காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் உட்கார்ந்தான். பக்கத்தில் முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மாமா வீட்டு விசேஷத்தில் பந்தி முடியும்வரை நான் இருந்தது ரொம்ப வருடம் கழித்து அன்றைக்குத்தான்.

உங்கள் வீட்டில் வியாபார வண்டி இருந்தால், இன்று மாலை அந்தத் தாளை எடுத்து ஒரு தடவை படியுங்கள். புரியாத வரி இருந்தால் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல், தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.